துவைத்து மாட்டும் பெயர்ப்பலகைகள்

ஜப்பானிய வடிவமைப்பு என்றதும் வெள்ளைச் சுவரும் ஒற்றைப் பூச்சாடியும் தட்டுமுட்டுச் சாமான்கள் இல்லாத அறையும்தான் பலருக்கு நினைவில் வருகின்றன. அந்த எளிமையைக் கண்ணுக்கு இதமான ஒரு பாணி என்ற அளவில் நாம் நிறுத்திவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. அங்குள்ள தேர்ந்த வடிவமைப்பாளர்கள் பலர் ஒன்றைக் குறைத்தது, கையும் காதும் தோலும் தம் பங்கைப் பெறட்டும் என்பதற்காகவே.

யாமகுச்சி மாகாணத்தின் ஹிகாரி நகரில் உள்ள உமேதா மருத்துவமனை, மகப்பேறும் குழந்தை மருத்துவமும் பார்க்கும் இடம். 1998இல் வரைகலை வடிவமைப்பாளர் கென்யா ஹரா அதற்கு அமைத்துக் கொடுத்த வழிகாட்டிப் பலகைகள் வெள்ளைப் பருத்தித் துணியால் ஆனவை. எண்ணும் எழுத்தும் அச்சிட்ட துணியைத் தலையணை உறைபோல அடிப்பலகையின்மேல் மாட்டியிருப்பார்கள். அழுக்கானால் கழற்றித் துவைத்து மறுபடி மாட்டலாம். எளிதில் கறைபடும் துணியை மருத்துவமனையில் போய் ஏன் வைக்க வேண்டும்? கறைபடக்கூடிய ஒன்றை எந்நேரமும் வெளுப்பாக வைத்திருப்பதே, இங்கே சுத்தம் பேணப்படுகிறது என்பதற்கு உத்தரவாதம் என்பது ஹராவின் விளக்கம். துவைக்கும் வேலை யாரோ ஒருவர் தலையில்தான் விழுகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆயினும், பிரசவ வலியோடு தாழ்வாரத்தில் நடக்கும் பெண்ணுக்கு உலோகத் தகட்டைவிட அந்தத் துணி தரும் ஆறுதல் பெரிது என்றே நான் நம்புகிறேன்.

அதே ஆண்டு நடந்த நாகானோ குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவின் நிகழ்ச்சிக் கையேட்டையும் ஹராதான் வடிவமைத்தார். மெத்தென்ற வெண்தாளில் சூடான அச்சை அழுத்த, எழுத்து விழுந்த இடம் மட்டும் பள்ளமாகிப் பனிக்கட்டிபோல ஒளி கசியும்.

பொருள் வடிவமைப்பாளர் நவோதோ ஃபுகாசவா, வீட்டுப் பொருள்கள் விற்கும் முஜி நிறுவனத்துக்காக வடிவமைத்த சுவர் சிடி பிளேயர் இதைவிடவும் நுட்பமானது. பார்வைக்கு அது சமையலறைச் சுவரில் பொருத்தும் காற்றுப்போக்கி விசிறியேதான். மூடி கிடையாது, வட்டு வெளியே தெரியும், கீழே ஒரு கயிறு தொங்கும். கயிற்றை இழுத்தால் வட்டு விசிறி இறக்கையைப்போல் சுழன்று வேகம் பிடிக்கும். விசிறியின் முன் நின்று பழகிய உடம்பு காற்றுக்காகக் காத்திருக்க, அங்கிருந்து இசை வருகிறது. எதிர்பார்ப்பில் கன்னத்துத் தோல் விழித்துக்கொள்வதால் காதும் கூர்மையாகிறது என்று ஃபுகாசவா கருதினார். இதைப் படத்தில் மட்டும் பார்த்து, வெள்ளைச் சதுரமாக இருப்பதால் அழகு என்று பாராட்டுகிறவர்கள், அவர் மிகவும் மெனக்கெட்ட பகுதியையே தவறவிடுகிறார்கள்.