மாரியப்பனின் நனைந்த சாக்ஸ்

மாற்றுத்திறனாளிகளுக்கான டோக்கியோ பாராலிம்பிக்கில் மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டிய அன்று மழை. சின்ன வயதில் பேருந்து ஏறி நசுங்கிய வலது காலில் போட்டிருந்த சாக்ஸ் நனைந்துவிட்டது, அதனால்தான் சிரமப்பட்டேன், இல்லையென்றால் 1.90 மீட்டருக்கு முயன்றிருப்பேன் என்று போட்டி முடிந்ததும் அவரே சொன்னார். 1.86 தாண்டி வெள்ளி வாங்கினார். 1.88 தாண்டிய அமெரிக்கருக்குத் தங்கம். வித்தியாசம் வெறும் 2 சென்டிமீட்டர்.

ஆனால் நாம் பகிர்ந்தது என்ன? அம்மா காய்கறி விற்று வளர்த்த கதையை. அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடலாம், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் ரியோவில் 1.89 தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலம் என்று தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய ஒருவரின் உயரங்கள் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கிரிக்கெட்டில் யார் எத்தனை ரன் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோமே.

பாராலிம்பிக் போட்டிகள் பிறந்ததே ஒரு மருத்துவமனையில்தான். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், முதுகுத்தண்டில் அடிபட்டால் இனி படுக்கைதான் என்று எல்லாரும் கைவிட்ட காலத்தில், அப்படி அடிபட்டவர்களை எழுப்பி உட்காரவைத்து விளையாட வைத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து அம்பு எய்தார்கள். 1960ல் ரோம் பாராலிம்பிக்குக்கு 23 நாடுகளிலிருந்து சுமார் 400 பேர். பாரிஸ் 2024ல் 160க்கும் மேற்பட்ட நாடுகள், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள்.

எனக்கு இந்த எண்ணிக்கையை விடப் படிக்கட்டுகள்தான் கண்ணில் படுகின்றன. ரோமில் வீரர்கள் தங்கிய கட்டடங்களுக்குப் படியேற வழியில்லாமல் ராணுவத்தினர் தூக்கிக்கொண்டு போனார்கள். 1980ல் ஒலிம்பிக் நடத்திய மாஸ்கோ இவர்களுக்கு இடமே தரவில்லை, நெதர்லாந்தின் ஆர்னெமில் போய் நடத்த வேண்டியதாயிற்று. 1988ல் சியோலில்தான் ஒலிம்பிக் நடந்த அதே மைதானங்கள் இவர்களுக்கும் கிடைத்தன. அப்புறம் 2001ல் ஒப்பந்தமே போட்டார்கள்: ஒலிம்பிக் வேண்டும் என்கிற நகரம் பாராலிம்பிக்கையும் சேர்த்துத்தான் நடத்த வேண்டும்.

நம் நாட்டிலும் வளர்ச்சி இருக்கிறது. ரியோவுக்கு 19 பேர் போய் 4 பதக்கம், டோக்கியோவில் 19 பதக்கம், பாரிஸில் 84 பேர் போய் 29 பதக்கம். அந்த 29ல் நான்கு தமிழ்நாட்டுக்கு: மாரியப்பன், அப்புறம் பேட்மிண்டனில் துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ. ஆனால் 1965 போரில் குண்டடிபட்டு, 1972ல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்ற முரளிகாந்த் பேட்கருக்கு நாம் பத்மஸ்ரீ கொடுத்தது 2018ல். 46 வருஷம்!

சில மாதங்களுக்கு முன் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு மாவட்டப் போட்டிக்குப் போயிருந்தேன். குண்டு எறிதல். இரும்பு இருக்கையை முளையடித்து நாலு பக்கமும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். முப்பது வயதிருக்கும் ஒரு அக்கா, தொடையைப் பட்டையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, இடது கையால் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்து உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து எறிந்தார். எறியும்போது இருக்கையை விட்டு உடம்பு எழும்பினால் ஃபவுல், அந்த எறிதல் செல்லாது. முழு பலமும் இடுப்புக்கு மேலேதான் வர வேண்டும். உச்சி வெயில். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், வாங்கவில்லை. காலையிலிருந்தே குடிக்கவில்லையாம். ஏனென்றால் அங்கிருந்த கழிப்பறைக்கு இரண்டு படி, கதவோ சக்கர நாற்காலி நுழையாத அகலம். "தூக்கிட்டுப் போறோம்க்கா" என்று இரண்டு தம்பிகள் வந்தார்கள். "வேணாம்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த எறிதலுக்குக் கையைத் துடைத்துக்கொண்டார்.

ரோமில் தூக்கிக்கொண்டு போய் 60 வருஷத்துக்கு மேல் ஆகிறது, இங்கே இன்னும் தூக்கத்தான் கூப்பிடுகிறோம். எனக்கு வயிறு எரிந்தது. இரண்டு படியை இடித்துச் சாய்தளம் போட்டு, ஒரு கதவை அகலப்படுத்த ஒரு கொத்தனாருக்கு எத்தனை நாள் வேலை? மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன், விடமாட்டேன். உங்கள் ஊர் மைதானத்தில் கழிப்பறைக்கு எத்தனை படி என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு கமெண்டில் எழுதுங்கள். கதவையும் அளந்து எழுதுங்கள்.