சமாதானம் பேசும் அண்ணாச்சிமாருக்கு

வாத்தியார் அறைந்து காது கிழிந்த பையன், அதற்காகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன அவன் அம்மா, இந்த விஷயத்தில் எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி நம்ம ஏரியா குரூப்பில் ஒரு அண்ணாச்சி போட்ட வாய்ஸ் மெசேஜைக் கேட்ட பிறகு முடியவில்லை. "பிள்ளையப் பெத்தா மட்டும் போதாது, வாத்தியார மதிக்கவும் தெரியணும். ஸ்டேஷன் வரைக்கும் போனது அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் அதிகப்படிதான்." கீழே வரிசையாகக் கும்பிடு எமோஜி.

ஏழாம் வகுப்புப் பையன். வகுப்பில் பென்சில் பாக்ஸைத் தட்டிச் சத்தம் போட்டான் என்று கன்னத்தில் விட்ட அறையில் செவிப்பறை கிழிந்திருக்கிறது. காதுக்குள் தண்ணீர் படக்கூடாது என்று பஞ்சு வைத்து அனுப்பியிருக்கிறார்கள். வலது பக்கம் நின்று கூப்பிட்டால் அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. இதில் அதிகப்படி எது அண்ணாச்சி?

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். பிள்ளைக்கு அடிபட்டால் முதலில் எழுத்து, அப்புறம் பேச்சு. ஸ்கூலுக்குச் சண்டை போட ஓடாதீர்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். யார் அடித்தார், எங்கே, எதனால் அடித்தார் என்று உள்ளதை உள்ளபடி சொல்லி விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஏ.ஆர். காப்பி என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியும். காயத்தைத் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். ஹெச்.எம்.முக்கு மனு கொடுத்தால் இன்னொரு பிரதியில் சீலும் தேதியும் வாங்குங்கள். தனியார் பள்ளியானாலும் கல்வி அதிகாரிக்குப் புகார் போகலாம். ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகல் இலவசம், போடாவிட்டால் மனுவை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் வெளியே வராதீர்கள். மனுவையே வாங்க மாட்டேன் என்றால் மாநகரத்துக்குள் கமிஷனர், வெளியே எஸ்.பி., பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 1098 குழந்தைகளுக்கான எண். 14417 பள்ளிக்கல்வித் துறையின் எண். இரண்டையும் போனில் ஏற்றி வையுங்கள்.

"முதல்ல பேசிப் பாக்கலாம்லா?" பேசுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கன்னத்துத் தடிப்பு வற்றிவிடும். சின்னக் கிழிசல் என்றால் செவிப்பறைகூடச் சில வாரத்தில் தானாக மூடிக்கொள்ளும். மூடினால் சந்தோஷம்தான். அதற்குப் பிறகு எதைக் காட்டுவீர்கள்? "அப்படி எதுவுமே நடக்கலையே" என்று அதே வாய் சொல்லும்.

எழுத்து எழுத்து என்று ஏன் அடித்துக்கொள்கிறேன் என்றால், எங்கள் வீட்டிலும் ஓர் எழுத்து இருக்கிறது. தம்பி எட்டாம் வகுப்பு படித்தபோது டஸ்டரின் கட்டை விளிம்பால் விரல் முட்டியில் அடித்தார் ஒரு வாத்தியார். மோதிர விரல் எலும்பு முறிந்துவிட்டது. சாயங்காலமே வீட்டுக்கு ஆள் வந்தார்கள். அம்மா பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, கடையில் கலர் வாங்கி வந்து அந்த வாத்தியாருக்கே கொடுத்தாள். அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிங்க சார், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்." கட்டுப்போட்ட கையோடு தம்பி கதவுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிச் சீட்டில் என்ன இருக்கிறது தெரியுமா? 'விளையாடும்போது கீழே விழுந்தது.' அப்படிச் சொல்லச் சொன்னார்கள், சொன்னோம். அந்த விரல் இன்றுவரை மடங்காது. அந்த வருஷத்தோடு படிப்பையும் நிறுத்திவிட்டான். இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறான். "சார் நல்லவருதான், அன்னைக்கு என்னமோ கோவம்" என்று அம்மா இப்போதும் சொல்வாள்.

"நாங்கள்லாம் அடி வாங்கித்தான் ஆபீசரானோம்." வந்துவிட்டார்கள். ஆனவர்கள்தானே இந்தக் குரூப்பில் இருக்கிறீர்கள்? பயந்து பாதியில் நின்றவன் லோடு ஏற்றப் போய்விட்டான், அவன் மெசேஜ் போட மாட்டான். கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது. பிள்ளையை உடலாலும் தண்டிக்கக் கூடாது, மனதாலும் வதைக்கக் கூடாது என்று அதன் 17ஆம் பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் அதற்கும் முன்னால் 2003இலேயே விதியைத் திருத்திப் பிரம்படியை எடுத்தாகிவிட்டது. அடித்தால்தான் படிப்பு வரும் என்பவர்கள் சர்க்காருக்கு மனு போடட்டும், கலெக்டர் ஆபீஸ் இருக்கிற கொக்கிரகுளம் தூரமில்லை.

"வாத்தியார் வேலை போயிருமே, அவருக்கும் குடும்பம் இருக்குல்லா?" இருக்கிறது. புகார் கொடுத்த உடனே யாரையும் தூக்கில் போடுவதில்லை. விசாரணை வரும், அவர் தரப்பை அவர் சொல்லலாம். பையனை எந்த விசாரணை வைத்து அறைந்தார்கள்?

"இந்தக் காலத்துப் பயலுவ வாத்தியாரையே வெட்டுதானுவ." உண்மை, மறுக்கவில்லை. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புப் பையன் கூடப் படிக்கிறவனை அரிவாளால் வெட்டியபோது, தடுக்கப் போன டீச்சருக்கும் வெட்டு விழுந்தது. அந்த டீச்சரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் அரிவாள் எடுத்தவன் கணக்கை, பென்சில் பாக்ஸைத் தட்டிச் சத்தம் போட்டவன் கன்னத்தில் எப்படித் தீர்ப்பீர்கள்? அந்த டீச்சர் பிள்ளையைக் காப்பாற்ற நடுவில் போனவர். அவரைக் கொண்டுவந்து இவருக்குக் கேடயமாகப் பிடிக்காதீர்கள், பாவம்.

டி.சி. கொடுத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கு: எட்டாம் வகுப்பு முடிகிற வரை பிள்ளையை வெளியேற்ற அதே கல்வி உரிமைச் சட்டத்தில் இடமில்லை. டி.சி.யைக் காட்டி மிரட்டினால் அதையும் எழுதிக் கேளுங்கள். வாயால் மிரட்டுகிறவர்கள் பேப்பரில் மிரட்டுவதில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்று வகுப்பில் சத்தம் போட்டது நாலைந்து பேர் என்கிறார்கள். அதில் ஒருவன் அப்பா டாக்டர், இன்னொருவன் மாமா ஸ்கூலுக்கே வேண்டப்பட்டவர். அறை விழுந்தது பீஸ் பாக்கி இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு. கோபம் கண்ணை மறைத்துவிட்டதாம். மறைத்த கண்ணுக்கு இவ்வளவு துல்லியமாக ஆள் தெரிகிறது பாருங்கள்! பேரன்ட்ஸ் மீட்டிங்கில் அந்த அம்மாவைக் கடைசி வரைக்கும் வராந்தாவில் நிறுத்தியதையும் நான் பார்த்தேன். அப்போது மரியாதையைப் பற்றி ஒரு வாய்ஸ் மெசேஜும் வரவில்லை.

ஆசிரியர்களுக்கு எதிரி என்று என் மேல் முத்திரை குத்தத் தயாராக இருப்பீர்கள், குத்துங்கள். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த டீச்சர் ஒருநாளும் கையை ஓங்கியதில்லை. அவர் பேச்சை நாங்கள் கேட்காமல் இருந்ததும் இல்லை.

திங்கட்கிழமை மனுநாளில் கலெக்டர் ஆபீசில் அந்த அம்மா மனு கொடுக்கப் போகிறாள். ஏ.ஆர். காப்பியும் சி.எஸ்.ஆர். ரசீதும் ஜெராக்ஸ் எடுத்தாகிவிட்டது, நானும் கூடப் போகிறேன். துணைக்கு வருகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். புத்தி சொல்ல வருகிறவர்கள் வேண்டாம், அது ஏற்கெனவே வேண்டிய மட்டும் வந்துவிட்டது.