காற்றாலை பார்க்க 45 நிமிடமாம்!

நெதர்லாந்துக்கு வருகிற உறவுக்காரர்கள், நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் எல்லாருக்கும் அந்த ஒரே பட்டியல் எங்கிருந்துதான் கிடைக்கிறதோ! காலை 8 மணிக்கு ஆம்ஸ்டர்டாமில் கிளம்பி 9 மணிக்கு ஸான்ஸ ஸ்கான்ஸ், அங்கே 45 நிமிடம் காற்றாலை, அப்புறம் சீஸ் கடை, மரக்காலணிக் கடை, ஃபோலண்டமில் மீன் வறுவல், மார்க்கன், மதியத்துக்கு மேல் கீத்தோர்ன், வழியில் நேரம் கிடைத்தால் டூலிப் தோட்டம், ராத்திரி கால்வாய்ப் படகு. வாட்ஸ்அப்பில் இதை அனுப்பிவிட்டுக் கீழே ஒரு வரி: "டச்சு காற்றாலை பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை, நீதான் பிளான் போட்டுத் தரணும்." ரொம்ப நாள் ஆசைக்கு 45 நிமிடமா? நான் இந்த ஊரில் இருப்பதாலேயே இந்த வேலை ஒவ்வொரு கோடையிலும் என் தலையில் விழுகிறது. ஒவ்வொரு தடவையும் இதே சண்டை. இன்றைக்கு எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

அந்த 45 நிமிடம் எப்படிக் கரையும் என்று யாராவது யோசித்தார்களா? பேருந்தை விட்டு இறங்க வேண்டும், கழிப்பறை வரிசையில் நிற்க வேண்டும், அத்தையும் குழந்தைகளும் வந்து சேர வேண்டும், ஸான் ஆற்றங்கரை வரை நடக்க வேண்டும். சுமார் நூறு பேர் மட்டும் குடியிருக்கும் அந்தச் சின்ன இடத்துக்கு 2024-இல் வந்தவர்கள் ஏறக்குறைய 26 லட்சம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கரையை அடைந்து, ஆலைகளை முதுகுக்குப் பின்னால் நிறுத்திப் படம் எடுத்து முடிப்பதற்குள் வழிகாட்டி கொடியை ஆட்டிக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார். ஒரே ஒரு ஆலைக்குள்ளும் யாரும் கால் வைத்திருக்க மாட்டார்கள். கல்யாண வீட்டு வாசலில் பந்தலைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

உள்ளே போய்ப் பாருங்கள் ஐயா! அங்கே "பூனை" என்ற பெயரில் ஒரு ஆலை இருக்கிறது, டே காட். சுண்ணாம்புக் கட்டியையும் சாயமரத்தையும் அரைத்து ஓவியர்களுக்கான வண்ணப்பொடி தயாரிக்கும் ஆலை. இன்றும் காற்றை வைத்தே அரைக்கிறார்கள். ஆள் உயரத்துக்கு நிற்கும் இரண்டு கற்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சுற்றும்போது காலுக்கடியில் பலகை அதிரும். மரப் பல்சக்கரங்கள் ஒன்றில் ஒன்று மாட்டித் திரும்பும் சத்தம் முழுக் கட்டடத்துக்குள்ளும் கேட்டுக்கொண்டே இருக்கும். ஏணி மாதிரி செங்குத்தான படியில் மேலே ஏறி மாடத்துக்கு வந்தால், கைக்கெட்டும் தூரம் போலத் தெரியும் இடத்தில் இறக்கை ஒவ்வொன்றாக மேலிருந்து இறங்கி வந்து காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். பக்கத்திலேயே டே ஸூக்கர் என்ற எண்ணெய் ஆலை. நம் ஊர்ச் செக்கைப் பார்த்து வளர்ந்தவர்கள் அங்கே ஒரு மணி நேரம் நின்றாலும் போதாது. கொஞ்சம் தள்ளி மரம் அறுக்கும் ஆலை, ஹெட் யோங்க ஸ்காப். தண்ணீரில் ஊறப்போட்ட அடிமரத்தை இழுத்து ஏற்றி வாளின் முன் வைத்துவிட்டால், வெளியே வட்டமாகச் சுற்றும் இறக்கை உள்ளே வாளை மேலும் கீழுமாக இழுக்கிறது. அந்தச் சுழற்சியை ஏற்ற இறக்கமாக மாற்றும் வளைதண்டை மர அறுவை ஆலையில் பொருத்தியவர் கொர்னேலிஸ் கொர்னேலிஸோன், 1590களில். பலகை வேகமாகக் கிடைத்ததால்தான் ஹாலந்துக்காரர்களால் அத்தனை கப்பல் கட்ட முடிந்தது. ரஷ்யாவின் ஜார் மன்னர் பீட்டர் 1697-இல் பக்கத்து ஊரான ஸாண்டாமுக்குக் கப்பல் கட்டக் கற்றுக்கொள்ள வந்து தங்கினார் என்றால் சும்மாவா! ஸான் கரையோரம் ஒரு காலத்தில் 600-க்கும் மேற்பட்ட ஆலைகள் சுற்றின. எண்ணெய், காகிதம், சாயம், மரம், கடுகு என்று ஒரு தொழிற்பேட்டையே காற்றில் ஓடியது. இதையெல்லாம் 45 நிமிடத்தில், அதுவும் வெளியே நின்று, என்னவென்று பார்ப்பீர்கள்?

சரி, அந்தக் கூட்டமே வேண்டாம், ராட்டர்டாமுக்குப் பக்கத்தில் தண்ணீர் இறைக்கும் ஆலைகள் வரிசையாக நிற்கும் கிண்டர்டைக் போகலாம், ஒரு முழுநாளையும் அதற்கே ஒதுக்குவோம் என்று சொன்னால் நாகர்கோவிலிலிருந்து வந்த மாமா கேட்கிறார்: "நம்ம ஆரல்வாய்மொழில பார்க்காத காத்தாடியா? இதைப் பார்க்கவா ஒரு நாள் முழுக்க?" மாமா மேல் எனக்கு எவ்வளவு மரியாதை இருந்தாலும் இதைச் சும்மா விட முடியவில்லை. மாமா, ஆரல்வாய்மொழியில் சுற்றுவது மின்சாரம் எடுப்பதற்கு. இது தரையைக் காப்பாற்றுவதற்கு. கிண்டர்டைக் இருக்கும் அந்த அல்பிளாசர்வார்ட் பகுதியில் நிலம் மக்கிய செடிகொடிகள் நிறைந்த சேற்று மண். தண்ணீரை வடியவிட வடியவிட அது அமுங்கிக்கொண்டே போனது, ஆற்றைவிடத் தாழ்ந்தது, அப்புறம் தண்ணீர் தானாக வடிய வழியே இல்லை. அதனால்தான் 1738-இல் ஒரு கரையில் செங்கல்லால் வட்டமாக எட்டு ஆலை, 1740-இல் எதிர்க்கரையில் எண்கோணமாக, கூரை வேய்ந்து எட்டு ஆலை எழுப்பினார்கள். மற்ற மூன்றையும் சேர்த்து இன்றைக்கு 19. ஒவ்வொன்றிலும் இருக்கும் துடுப்புச் சக்கரத்தால் தண்ணீரைச் சுமார் ஒன்றரை மீட்டர்தான் தூக்க முடியும். ஆகவே கீழ்த்தேக்கத்திலிருந்து மேல்தேக்கத்துக்கு ஏற்றி வைத்துக்கொண்டு, லெக் ஆற்றில் நீர்மட்டம் இறங்கும் நேரம் பார்த்து மதகைத் திறந்துவிடுவார்கள். மோட்டார் கிடையாது, எரிபொருள் கிடையாது. இரண்டாம் உலகப்போரில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோதும் இதே ஆலைகள்தான் மறுபடி தண்ணீரை இறைத்தன. 1997-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. ஆரல்வாய்மொழியைப் பார்த்துவிட்டோம் என்பதற்காக இதைப் பார்க்க வேண்டாம் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

மாமாவைச் சம்மதிக்க வைத்தாலும் அடுத்த தலைவலி ஆரம்பம். கிண்டர்டைக்குக்கு ரயில் கிடையாது. ராட்டர்டாமில் எராஸ்மஸ் பாலத்துக்கு அடியிலிருந்து நீர்ப்பேருந்து, இல்லாவிட்டால் சாலைப் பேருந்து. வெயில் காலத்துக்கு ஒரு கால அட்டவணை, குளிர்காலத்துக்கு வேறு. நேராகப் போகும் படகு ஒரு பருவத்தில் உண்டு, மற்றப் பருவத்தில் இடையில் இறங்கி மாற வேண்டும். படகு நேரத்தை ஒரு இணையதளத்தில் பார்க்க வேண்டும், ரயில் பாதையில் வார இறுதி வேலை நடக்கிறதா என்பதை இன்னொன்றில், எந்த ஆலை எத்தனை மணிக்கு மூடும் என்பதை மூன்றாவதில், காற்றையும் மழையையும் வேறொன்றில். இதற்கு நடுவே, யாரோ ஒரு இடைத்தரகர் தளம் "கிண்டர்டைக் நுழைவுச்சீட்டு" என்று பெரிய எழுத்தில் போட்டு விற்கிறது. அங்கே கரைப்பாதை பொதுப்பாதை! நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் யாரிடமும் ஒரு சென்ட் கொடுக்க வேண்டியதில்லை. சீட்டு, ஆலைக்குள் அமைந்த அருங்காட்சியகத்துக்கும் சுற்றுப்படகுக்கும்தான். அதைத் தெளிவாக ஒரு வரியில் எழுதினால் என்ன குறைந்துவிடும்? ஆறு பேர் குடும்பமாக வருகிறவர்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. என்னைக் கேட்டால் உள்ளே போய்ப் பார்க்கவும் காசு கொடுங்கள் என்றுதான் சொல்வேன், அது ஆலைகளின் பராமரிப்புக்குப் போகிறது. ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

இத்தனையும் முடித்து எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனால் அன்றைக்குக் காற்று இருக்காது. உடனே, "சுத்தவே இல்லை, இதுக்கா இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்தே?" காற்று இல்லாவிட்டால் காற்றாலை சுற்றாது! யாரும் சுவிட்சைப் போட்டுச் சுற்றவிடுகிற பொம்மை இல்லை அது. காற்று அதிகமானாலும் நிறுத்திவிடுவார்கள், இடிமழை வரும்போது காற்று திசை மாறிப் பின்னாலிருந்து அடித்தால் இறக்கையோடு தலைப்பகுதியே பெயர்ந்துவிடும். வேகமாகச் சுற்றும்போது பிரேக்கை இழுத்தால் மரத்தோடு மரம் உரசித் தீப்பிடிக்கும். இதையெல்லாம் பார்த்து முடிவெடுக்க ஒரு மனிதர் இருக்கிறார். காலையில் வானத்தைப் பார்த்து, பின்பக்கத்து வால் கட்டையில் இருக்கும் சக்கரத்தை உடம்பின் முழு பலத்தோடு இழுத்து, தலைப்பகுதியைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, ஒவ்வொரு இறக்கையாக ஏறிப் பாய்த்துணியை விரித்துக் கட்டுகிறார். நாடு முழுக்க இதைச் செய்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள். வேறு வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி எடுத்து, தேர்வு எழுதித் தேறியவர்கள். 2017-இல் இந்தக் கைத்தொழிலையே யுனெஸ்கோ பாரம்பரியமாக ஏற்றுக்கொண்டது. அவரிடம் போய் "எப்போ சுத்த விடுவீங்க, எங்களுக்கு பஸ் இருக்கு" என்று ஒருவர் கேட்டதை என் காதால் கேட்டேன். கூசிப்போய் நின்றேன்.

அப்புறம், நிற்கிற ஆலையும் சும்மா நிற்பதில்லை. மேல் இறக்கை உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நின்றால் ஆலைக்காரர் வீட்டில் நல்ல செய்தி, உச்சியைத் தாண்டி நின்றால் துக்கம், பெருக்கல் குறி போல நின்றால் நீண்ட ஓய்வு. பெரும்பாலான பகுதிகளில் இதுதான் வழக்கம். 2014-இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கிளம்பிய எம்எச்17 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் செத்தபோது நாடெங்கும் ஆலைகளைத் துக்கக் கோலத்தில் நிறுத்தி வைத்தார்கள். இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அதற்குள் ஒருவர் செல்ஃபி குச்சியோடு வேலிக்குள் இறங்கிவிட்டார்.

வேலி! இதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. கிண்டர்டைக் ஆலைகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஜன்னலில் திரைச்சீலை தெரியும், கொடியில் துணி காயும். அது அவர்களின் வீடு. மரக்கதவைத் திறந்து உள்ளே போய் அவர்களின் தோட்டத்தில் நின்று படம் எடுக்க யார் உரிமை கொடுத்தது? அதைவிட, அந்த ஆலைகளின் இறக்கை கிட்டத்தட்ட புல்லைத் தொடும் அளவுக்குக் கீழே இறங்கி வரும். சுற்றும்போது குறுக்கே ஒரு குழந்தை ஓடினால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அது தெரிந்துதான் வேலி போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நாட்டில் மிச்சமிருக்கும் பழைய ஆலைகள், தண்ணீரால் சுற்றுவதையும் சேர்த்து, சுமார் 1,200. ஊர்வலம் போவதெல்லாம் இரண்டே இடத்துக்கு! லைடன் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிடம் நடந்தால் 1743-இல் கட்டிய டே வால்க், மாடி மாடியாக ஏறி முழுக்கப் பார்க்கலாம். ராட்டர்டாமிலிருந்து மெட்ரோ பிடித்தால் ஸ்கீடம், பக்கத்து வீடுகளுக்கு மேலே போய்க் காற்றைப் பிடிப்பதற்காகக் கட்டிய, உலகிலேயே மிக உயரமான பாரம்பரிய ஆலைகள் அங்கேதான். ஜின் காய்ச்சுவதற்குத் தானியம் அரைத்த ஆலைகள் அவை. ஆல்ஃபனுக்குப் பக்கத்தில் ஆர்லாண்டர்வேனில் நான்கு ஆலைகள் படிப்படியாகத் தண்ணீரை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி ஏற்றுகின்றன, இன்றும் காற்றால், காட்சிக்காக அல்ல, அந்த நிலத்துக்காகவே. இதைச் சொன்னால், "அது ஃபேமஸ் இல்லையே மச்சான், போட்டோ நல்லா வருமா?" என்று பதில் வருகிறது.

அதனால் இந்த வருடம் வருகிற எல்லாருக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். முடிந்தால் மே மாதம் இரண்டாவது வார இறுதிக்கு வாருங்கள், தேசிய ஆலை நாள், நூற்றுக்கணக்கான ஆலைகள் கதவைத் திறந்து வைத்திருக்கும். முடியாவிட்டால் சனிக்கிழமை வையுங்கள், தன்னார்வலர்கள் அதிகம் வருகிற நாள் அதுதான். இறக்கையிலோ வாசலிலோ நீலக் கொடி பறந்தால் உள்ளே வரலாம் என்று அர்த்தம். ஒரே ஊர், மதியச் சாப்பாடு கையில், மூடும் நேரம் வரை அங்கேயே. கீத்தோர்னுக்கு ஆம்ஸ்டர்டாமிலிருந்து போக மட்டுமே இரண்டு மணி நேரம் ஆகும், அது வேறு நாள். சீஸ் உங்கள் ஹோட்டலுக்குக் கீழே இருக்கிற சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும். இதற்குச் சம்மதம் என்றால் தேதியைச் சொல்லுங்கள், நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வருகிறேன். 45 நிமிடப் பட்டியலை மட்டும் இனிமேல் எனக்கு அனுப்பாதீர்கள்.