பட்டா வெறும் காகிதமா? ஒரு சின்னத் திருத்தம்

பட்டாவுக்கும் குடும்ப ஆரோக்கியத்துக்கும் தொடர்பே இல்லை என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். தொடர்பு இருக்கிறது, அளந்தும் பார்த்திருக்கிறார்கள்.

அர்ஜென்டினாவில், புவெனஸ் ஐரிஸ் ஓரத்தில், 1981இல் சுமார் 1,800 குடும்பங்கள் காலி நிலமொன்றில் குடியேறின. 1984இல் அந்த நிலத்தை எடுத்து அவர்களுக்கே கொடுக்க அரசு சட்டம் போட்டது. நில உரிமையாளர்களில் சிலர் இழப்பீடு வாங்கிக்கொண்டார்கள், சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். ஆகவே ஒரு வீட்டுக்குப் பத்திரம் கிடைத்தது, அதேபோன்ற அக்கம்பக்கத்து வீட்டுக்குக் கிடைக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது! பின்னாளில் பார்த்தபோது, பத்திரம் கிடைத்த வீட்டுக் குழந்தைகளின் உயரத்துக்கேற்ற எடை மேலாக இருந்தது. பதின்வயதுக் கர்ப்பமும் குறைவு. வயதுக்கேற்ற உயரத்தில் மட்டும் வித்தியாசம் தெரியவில்லை. சரி, பட்டா மந்திரம் இல்லைதான்.

நம் பென்னாகரம் பக்கம் புறம்போக்கில் இருக்கும் வீடுகளுக்குப் போனாலே காரணம் புரியும். தார்ப்பாய் கூரை, மண் தரை. "கக்கூஸ் கட்டலாமே அக்கா" என்றால், "நாளைக்கே காலி பண்ணச் சொன்னா குழியைத் தூக்கிட்டா போறது?" என்பார்கள்.

சரிபார்க்க வேண்டுமா? கூகுள் ஸ்காலரில் கலியானி, ஷார்க்ரோட்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்களின் பெயரோடு 'லேண்ட் டைட்லிங், சைல்ட் ஹெல்த்' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். 2004இல் வெளியான கட்டுரை, சுருக்கத்தைக் காசில்லாமல் படிக்கலாம்.