இலை வைத்தால் கைமேரா வராது

ஆப்பிரிக்க வயலட் என்ற தொட்டிப் பூச்செடியைப் பற்றி, "எந்த ரகமானாலும் ஓர் இலை வாங்கினால் போதும், அதே பூ வந்துவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். சாதாரண ரகங்களுக்குச் சரி. கைமேராவுக்கு இல்லை. இதழ் நடுவே காற்றாடி போலப் பட்டை ஓடுமே, அந்த ரகங்கள்தான் கைமேரா. அந்தச் செடிக்குள் இரு வேறு மரபணு கொண்ட திசுக்கள் அடுக்கடுக்காக இருக்கும். இலைக்காம்பில் முளைக்கும் குட்டியோ மேல்தோல் செல்லிலிருந்து, அதாவது ஒரே அடுக்கிலிருந்து வருவது. அதனால் பட்டை போய் ஒரே நிறத்தில் பூக்கும். பக்கக் கன்றோ பூத்தண்டோ வைத்துத்தான் பெருக்கணும். கன்று வரவைக்கப் பல நேரம் நல்ல செடியின் தலையையே வெட்ட வேண்டியிருக்கும் (மனசு வராது!). விலை கூடுவது அதனால்தான். கைமேரா இலை மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். இதழில் வேறு நிறப் புள்ளிகள் தெறித்திருக்கும் ஃபேன்டசி ரகங்களிலும், இலையில் வந்த குட்டியில் அந்தப் புள்ளிகள் காணாமல் போவதுண்டு. குட்டி பூத்த பிறகே நான் பெயர்ச்சீட்டு குத்துவேன்.