ஆண் நட்சத்திரங்களிடம் நாங்கள் கேட்காத கேள்வி

2024 ஜனவரி 25ஆம் திகதி பின்னேரம், இளையராஜாவின் மகளும் பாடகியுமான பவதாரிணி இறந்த செய்தி வந்தபோது, கொழும்பில் இருக்கிற எங்களுக்கு அது வெளிநாட்டுச் செய்தியாகத் தெரியவில்லை. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற இலங்கைக்கு வந்தவர், இங்கேயே கண்ணை மூடினார். 47 வயது. அந்த வார இறுதியில் கொழும்பில் இளையராஜாவின் இசை நிகழ்ச்சி நடக்க இருந்தது. அதற்காக அவரும் வந்திருந்தார். நிகழ்ச்சி தள்ளிப்போனது. டிக்கெட் வாங்கி வைத்திருந்த எங்கள் ஆட்கள் ஒருவர்கூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. வெள்ளவத்தையில் எந்தக் கடைக்குப் போனாலும் அதே கதைதான். பாடகி போய்விட்டார் என்பதைவிட, பாட்டுப் பாட வந்த ஊரில் ஒரு தகப்பன் மகளைப் பறிகொடுத்துவிட்டாரே என்பதுதான் எல்லாருக்கும் தாங்க முடியாததாக இருந்தது.

அதற்குப் பிறகு மகளின் நினைவு நாளை ஒட்டி அவர் பேசிய ஒரு சின்ன ஒலிப்பதிவு வந்தது. பலர் கேட்டிருப்பீர்கள். தன் கவனமெல்லாம் இசையிலேயே இருந்ததால் பிள்ளைகளைக் கவனிக்காமல் விட்டுவிட்டதாகவும், அது இப்போது வேதனை தருவதாகவும் சொன்னார். அந்த இசை கோடிக்கணக்கான மக்களுக்கு ஆறுதலாக இருக்கிறது என்பதில் தனக்கும் கொஞ்சம் ஆறுதல் என்றார். சுற்றி வளைக்காமல், யாரையும் குறை சொல்லாமல், நாலைந்து வசனத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

கீழே வந்த கருத்துகளை உட்கார்ந்து வாசித்தேன். "எங்களுக்காக உங்கள் குடும்பத்தையே தியாகம் செய்தீர்கள் ஐயா." "நீங்கள் தெய்வம்." எழுதியவர்கள் அன்போடுதான் எழுதினார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு தகப்பன் "எனக்கு வேதனையாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லும்போது, அதை உடனே தியாகம் என்று மாற்றிப் பாராட்டிவிட்டால் அவர் சொன்னது யார் காதிலும் ஏறாமல் போய்விடுகிறது. தகப்பன் வீட்டில் இல்லாத நாட்களைப் பிள்ளைகள் விரும்பிக் கொடுக்கவில்லை. அந்த நாட்கள் அவர்களிடம் கேட்காமலே போனவை. பவதாரிணிக்குத் தேசிய விருது கிடைத்ததும் "பாரதி" படத்தில் அப்பாவின் இசையில் பாடிய பாட்டுக்குத்தான். அப்பாவின் கவனம் எங்கே இருந்ததோ அங்கே போய் நின்று பாடிய மகள் என்றுதான் அவரை நான் இப்போது நினைக்கிறேன்.

இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நம்புகிறேன், ஏனென்றால் இளையராஜாவின் பாட்டு இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு நாளும் விடிந்ததில்லை. வானொலி காலத்திலிருந்து அப்படித்தான். அவர் மேல் உள்ள மரியாதை ஒரு துளியும் குறையாமல்தான் இதை எழுதுகிறேன்.

என் அப்பா புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதியவர். கடை பூட்டி, பஸ் பிடித்து, வீடு வர இரவு ஒன்பது மணி தாண்டும். தீபாவளி, பொங்கல், நத்தார், பெருநாள் என்று எல்லா ஊர்ப் பண்டிகையும் அவருக்கு வேலை கூடின நாட்கள்தான். அம்மா சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எங்களைப் படுக்க வைப்பார். அந்த ஒலிப்பதிவு வந்த அன்று அப்பா சாரத்தோடு பல்கனிக் கதிரையில் இருந்தார். போனை வாங்கி ஒருதரம் கேட்டார். "திருப்பிப் போடு பிள்ளை" என்றார். இரண்டாம் தரமும் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீ எத்தனையாம் வகுப்பிலை கண்ணாடி போடத் தொடங்கினனி?" என்று கேட்டார். "ஆறாம் வகுப்பு அப்பா" என்றேன். "எனக்குத் தெரியாது, என்ன?" என்றார். வேறொன்றும் கதைக்கவில்லை.

அந்த ஒரு கேள்விக்காகவே இளையராஜாவுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். பெரிய மனிதர் ஒருவர் சொன்னதால்தான் என் அப்பாவுக்கும் கேட்க வாய் வந்தது.

ஆனால் சினிமாக்காரர்களின் பேட்டிகளைப் பார்த்தால், ஆண்களிடம் இந்தப் பேச்சு இப்படி ஏதாவது இழப்புக்குப் பிறகுதான் வருகிறது. அவர்களிடம் கேட்கப்படுவதெல்லாம் தொழிலும் கடவுளும். ரஜினிகாந்த் இமயமலைக்குப் போய் வந்தால் ஆன்மிகம் பற்றிக் கேட்பார்கள். கமல்ஹாசனிடம் கடவுள் மறுப்பைப் பற்றி எத்தனையோ வருடமாகக் கேட்கிறார்கள். ரஹ்மானிடம் மதம் மாறியதைப் பற்றிக் கேட்பார்கள். அவரவர் நம்பிக்கையை அவரவர் பேசட்டும், அதைக் கேட்க எனக்கும் பிடிக்கும். கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற கொட்டாஞ்சேனைப் பக்கம் வளர்ந்தவளுக்கு அந்தப் பேச்சு புதிதும் இல்லை. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று இவர்களில் ஒருவரிடமாவது யாராவது கேட்டதை நான் பார்த்ததில்லை.

அதே கேள்வி நடிகைகளிடம் முதல் நாளே வந்துவிடும். கல்யாணம் எப்போது, அதற்குப் பிறகு நடிப்பீர்களா, பிள்ளையை யார் பார்க்கிறார்கள்? ஜோதிகா 2006இல் நடிகர் சூர்யாவைக் கல்யாணம் செய்தார். திரும்ப நாயகியாக வந்தது 2015இல், "36 வயதினிலே" படத்தில். அந்த இடைவெளியில் சூர்யாவின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. இதே ஜோதிகா 2020இல் தஞ்சாவூரைப் பற்றி ஒரு மேடையில் பேசினார். கோயிலை இவ்வளவு அழகாகப் பராமரிக்கிறோம், அந்த ஊர் ஆசுபத்திரி இருந்த நிலையைப் பார்க்க முடியவில்லை, பள்ளிக்கூடத்துக்கும் ஆசுபத்திரிக்கும் கொடுங்கள் என்றார். அதற்கு வந்த வசவு கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு பெண் வீட்டைப் பற்றிச் சொன்னால் ரசிப்பார்கள், நம்பிக்கையைப் பற்றி வாய் திறந்தால் அடிப்பார்கள் என்று அன்றைக்கு நன்றாகத் தெரிந்தது. அந்தக் கருத்தில் குடும்பமாக உறுதியாக நிற்கிறோம் என்று சூர்யா அறிக்கை விட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது.

சூர்யாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடும்பத்தோடு மும்பைக்குப் போனதற்கு அவரை எத்தனை பேர் திட்டினார்கள்! 2024இல் ஒரு பேட்டியில் அதற்குப் பதில் சொன்னார். சின்ன வயதில் சென்னைக்கு வந்த ஜோதிகா தன் வீட்டையும் சிநேகிதர்களையும் விட்டுவிட்டு அத்தனை வருடம் தன்னோடு இருந்தார், ஒரு ஆணுக்கு என்னென்ன தேவையோ அதெல்லாம் பெண்ணுக்கும் தேவை, அப்பா அம்மாவோடு இருக்கிற நேரம் உட்பட என்றார். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லைத்தான். ஆனால் எதையும் இழக்காமலே, நல்லாக இருக்கிற காலத்திலேயே ஒரு முன்னணி நடிகர் இதைச் சொன்னதுதான் முக்கியம்.

ரஜினியும் ஒருமுறை இதன் பக்கத்தில் வந்தார். 2023இல் "ஜெயிலர்" பாடல் வெளியீட்டில், குடிப்பழக்கம் தனக்குத் தானே வைத்துக்கொண்ட சூனியம் என்றார். ஒருவர் குடித்தால் அம்மாவும் மனைவியும் வீட்டில் எல்லாருமே பாதிக்கப்படுவார்கள் என்றும் சொன்னார். அரங்கில் கைதட்டல். வசனம் சொன்னாலும் கைதட்டல், மனம் நொந்து சொன்னாலும் அதே கைதட்டல். இது எங்கள் பக்கத்துப் பிழை, அவர் பக்கத்துப் பிழை இல்லை.

2025இல் இந்தி நடிகை தீபிகா படுகோன் நாளுக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்று கேட்டதாகச் செய்தி வந்தபோது எத்தனை விவாதம் நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். அப்போது கைக்குழந்தையோடு இருந்த தாய் அவர். எத்தனையோ ஆண் நட்சத்திரங்கள் பல வருடமாக அப்படித்தான் வேலை செய்கிறார்கள், அது ஒருபோதும் செய்தியாகவில்லை என்று அவர் திருப்பிச் சொன்னார். எனக்கு அதில் மறுக்க ஒன்றும் தெரியவில்லை.

இப்போது கொழும்புக்கு இந்திய நட்சத்திரங்கள் அடிக்கடி வருகிறார்கள். இசை நிகழ்ச்சி, கடை திறப்பு, படப்பிடிப்பு என்று ஏதாவது ஒன்று. எங்கள் வானொலி, தொலைக்காட்சி அறிவிப்பாளர்கள் பேட்டி எடுக்கிறார்கள். அவர்களில் சிலர் இந்தப் பதிவை வாசிப்பீர்கள் என்று தெரியும், அதனால் நேரடியாகவே கேட்கிறேன். "இலங்கைச் சாப்பாடு பிடித்ததா" என்று கேளுங்கள், பரவாயில்லை. நடிகையிடம் கல்யாணத்தைப் பற்றிக் கேட்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கிற நாயகனிடமோ இசையமைப்பாளரிடமோ அவருடைய பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது, நீங்கள் இங்கே இருக்கிறபோது வீட்டில் பிள்ளையை யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை பாட்டுப் போடாமல் இருங்கள்.