அந்தத் தங்கச்சி மேல தப்பு இல்ல

வெள்ளிக்கிழமை மொரீஷியஸ்ல நம்ம எபேன் ஆபீஸ்ல நடந்தது இங்க பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவங்களுக்கு ஒரு வரி: நம்ம கூட வேலை பாக்குற பொண்ணு ஆஸ்பத்திரி டேட்டால ஓட்டினதா நினைச்ச கணக்கு பயிற்சி டேட்டால ஓடிடுச்சு, எல்லார் முன்னாடியும் அவளைத் திட்டினாங்க. ஆனா "லாகின் பண்ணவே தெரியாத பொண்ணு"ன்னு ரெண்டு நாளா பேசுறீங்களே, மனசு ஆறவே மாட்டேங்குது.

அவ ஒழுங்காத்தான் லாகின் பண்ணா, நிஜ சர்வர்லதான் பண்ணா. டேட்டாஷீல்டுங்கிறது, நோயாளி டேட்டாவை வெளிய எடுக்காம ஆஸ்பத்திரி சர்வர்லயே கணக்குப் போட வைக்கிற மென்பொருள். அதுல டேட்டாசோர்ஸஸ், அதாவது எந்த லாகின்ல ஓட்டணும்ங்கிறதைக் கொடுக்காம எதை ஓட்டினாலும், கனெக்‌ஷன்ஸ் ஃபைண்ட்ங்கிற பங்ஷன் ஆர் (R) புரோகிராம் மொழியில நம்ம வேலை நடக்கிற இடமான என்விரான்மென்ட்ல திறந்து கிடக்கிற லாகினைத் தேடும். ஒண்ணுதான் இருக்கா, அதை எடுத்துக்கும். பல இருந்து டிஃபால்ட் சொல்லலன்னா எரர் போட்டு நின்னுடும், அது நல்லது. ஆனா டிஃபால்ட் கனெக்‌ஷன்ஸ்னு ஒண்ணை யாராவது முன்னாடியே வச்சிருந்தா, கேள்வி கேக்காம அதைத்தான் எடுக்கும். நம்ம பொது ஸ்கிரிப்ட்ல அப்படி டிஃபால்ட்டா வச்சிருந்தது பயிற்சிக்கான சிஎன்சிம்ங்கிற செயற்கை டேட்டாவோட லாகின், அதுல நிஜ நோயாளி ஒருத்தர்கூட இல்ல.

"ரிசல்ட்ல சர்வர் பேரு வருமே, பாக்கலையா?" நிஜ லாகின், பயிற்சி லாகின் ரெண்டுலயும் சர்வருக்கு ஸ்டடி1, ஸ்டடி2ன்னு பேரு வச்சது யாரு, நாமதானே? டேபிளோட நெடுவரிசைப் பேருகூட பயிற்சி டேட்டாலேர்ந்து எடுத்தது. சாதாரண ஆர்ல டேபிளைத் திறந்து பாத்துக்கலாம், இங்க ஒரு வரிகூட நம்ம கைக்கு வராது, ஆஸ்பத்திரி சர்வர்லயே இருக்கும், சராசரி மாதிரி சுருக்கம்தான் வரும். அதனாலதான் சொல்றேன், டேட்டாசோர்ஸஸை எழுதுங்க, ஒவ்வொரு தடவையும் எழுதுங்க.

எங்க குடும்பப் பேரு இந்தத் தீவுல தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். ஒரு நாள் கிளினிக்ல அந்தப் பேரைக் கூப்பிட்டாங்க, அப்பா எழுந்து உள்ள போயிட்டாரு, வேற யாரோட சர்க்கரை ரிப்போர்ட்டையோ வச்சு மாத்திரை எழுதிட்டாங்க. முழுப் பேரும் கேட்டிருந்தா ஆச்சு. கடைசில "நீங்க ஏன் எழுந்தீங்க"ன்னு அப்பாவைத்தான் கேட்டாங்க. அந்த மனுஷன் பஸ்ல வீடு வர்ற வரைக்கும் பேசவே இல்ல.

ஒரே சர்வர் வச்சிருக்கிறவங்களுக்கு அந்தப் பங்ஷன் வசதிதான், ஒத்துக்கிறேன். ஒவ்வொரு வரியிலயும் டைப் பண்ணக் கஷ்டம்னு சொல்றவங்களுக்கு என்கிட்ட பதில் இல்ல, ஒரு சொல்லு டைப் பண்றதா கஷ்டம்?

எல்லார் முன்னாடியும் கிரியோல்ல திட்டினீங்களே, அவ கண்ணு கலங்கினதை நான் பாத்தேன். நானும் அப்ப வாயைத் திறக்கல, அது என் தப்பு. அந்த டிஃபால்ட் வரியை எழுதினது யாருன்னு, கோடுல யார் எப்ப என்ன மாத்தினாங்கன்னு பதிவு வைக்கிற கிட்ல (Git) தேதியோட இருக்கு. பாத்துட்டு அவளுக்கு போன் பண்ணுங்க.